பெரிய ஏரிக்கு முன்னால் சின்னக் குளம்: நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் வசந்தகால பாஸ் தேடி

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தூண்டில் பிடிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஐஸ் விலகியாச்சா? மாநிலத்தின் பெரிய ஏரியான விண்ணிபசாக்கியில் ஐஸ் எந்த நாளில் விலகியது என்று 1887 முதல் குறித்து வைத்திருக்கிறார்கள். 'மவுண்ட் வாஷிங்டன்' கப்பல் தன் துறைகளுக்கெல்லாம் தடையில்லாமல் போய்வர முடிகிற நாள்தான் அந்த நாள். ரேடியோவில் சொல்வார்கள், ஊரே பேசும்.

நான் அந்த அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. காட்டுக்குள் நடந்து போனால் மட்டுமே சேர முடிகிற சின்னக் குளங்கள் அதற்கு முன்பே திறந்துகொள்ளும். பெரிய ஏரித் தண்ணீர் கையை வைத்தால் விறைக்கிற குளிரில் இருக்கும்போதே, இந்தக் குளங்களில் பாஸ் மீன் பசியோடு கரையோரம் வந்து நிற்கும். அந்தப் பசிக்கும் அது கூடு கட்ட உட்காருவதற்கும் நடுவில் கிடைப்பது சில வாரங்கள். அந்தச் சில வாரங்களைச் சரியாகப் பயன்படுத்துவது, முடிந்ததும் மீனைத் தொந்தரவு செய்யாமல் விலகிவிடுவது, இந்த இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். பாஸ்டன், நாஷுவா பக்கம் வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் கோடையில் ஏதாவது ஏரிக்கரையில் நாற்காலி போட்டுத் தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்கே மீனே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாயில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன். அங்கே தண்ணீர் எவ்வளவு சூடு என்று யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. இங்கே வந்த பிறகுதான் ஒரு வெப்பமானி மீன்பிடிப்பில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று தெரிந்தது. கயிற்றில் கட்டித் தண்ணீரில் விடுகிற சாதாரண வெப்பமானிதான். பையில் எதை எடுத்து வைக்க மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

காரணம் எளிது. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 45 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் பாஸ் இரை எடுப்பதே அபூர்வம், செரிமானமும் மெதுவாகத்தான் நடக்கும். 50 தொட்டால் ஆழத்திலிருந்து மேலே வரத் தொடங்கும். 55-க்கு மேல் நன்றாக மேயும். 60-ஐத் தாண்டும்போது லார்ஜ்மவுத் என்கிற பெரிய வாய் பாஸ் முட்டையிட இடம் தேடும். ஸ்மால்மவுத் என்கிற சின்ன வாய் பாஸ் அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிடும். ஆக 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட அந்தப் பத்து டிகிரிதான் நமக்கான காலம். நியூ ஹாம்ப்ஷயரின் தெற்கில், காட்டுக் குளங்களில், இது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை. சில வருடம் முன்னே பின்னே போகும், அதனால் நாள்காட்டியை நம்பாமல் வெப்பமானியை நம்ப வேண்டும்.

பரப்பு குறைந்த, ஆழம் இல்லாத குளம் சீக்கிரம் சூடாவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரே குளத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும். மே முதல் வாரத்தில் ஒரு மத்தியானம். தெற்குக் கரையில் ஹெம்லாக் மரங்களின் நிழல், தண்ணீர் 46 டிகிரி. மரநிழலில் அழுக்குப் பனி ஒரு குவியல் இன்னும் கரையாமல் கிடந்தது. குளத்தைச் சுற்றி வடமேற்கு மூலைக்குப் போய் அதே வெப்பமானியை விட்டால் 54. அந்த மூலையில் கறுத்த சேறு, முழங்கால் ஆழம், வெயில் நேராக விழுகிறது, வடக்குக் காற்றைப் பின்னால் இருக்கும் மேடு தடுத்துவிடுகிறது. அந்த மூலையில் குட்டி மீன்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பாஸும் அங்கேதான் இருந்தது. தெற்குக் கரையில் நாள் முழுக்க நின்று போட்டிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. இந்தப் பருவத்தில் எந்தக் குளத்துக்குப் போனாலும் முதலில் வடக்கு, வடமேற்குக் கரையைப் பார்த்துவிடுங்கள். தென்மேற்குக் காற்று ஓரிரு நாள் தொடர்ந்து அடித்திருந்தால் இன்னும் நல்லது, மேலாக இருக்கும் சூடான தண்ணீரை அது வடகிழக்குக் கரைக்கு ஒதுக்கிவிடும்.

வெப்பமானி இல்லாமலும் காடு சொல்லும். பீப்பர் என்கிற சின்னத் தவளைகள் சாயங்காலம் காது கிழியக் கத்த ஆரம்பித்தால் சதுப்பு இளகிவிட்டது என்று அர்த்தம், ஆனால் மீனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. இலை விடாத காட்டில் ஷாட்புஷ் என்ற குறுமரம் வெள்ளைப் பூவோடு தனியாகத் தெரியும்போது நான் லீவுக்குச் சொல்லிவிடுவேன். நியூ ஹாம்ப்ஷயரின் மாநில மலரான லைலாக் வீட்டு வாசல்களில் மலர்ந்து மணக்கும்போது பெரும்பாலான குளங்களில் மீன் கூட்டில் உட்கார்ந்திருக்கும்.

எந்தக் குளத்துக்குப் போவது?

நான் போகும் குளங்களின் பெயரை இங்கே எழுத மாட்டேன். நடந்து போகிற குளம் என்றால் மீன் நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் மீன் மிரளாமல் இருக்கும், அவ்வளவுதான். இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பாஸ் மெதுவாகத்தான் வளரும், ஒன்றரை அடி நீள மீன் பல குளிர்காலங்களைப் பார்த்த மீன். சின்னக் குளத்தில் அப்படிப்பட்டவை மிகச் சிலதான் இருக்கும். நாலு பேர் ஒரே வாரத்தில் வந்து ஆளுக்கு இரண்டு கொண்டு போனால் அந்தக் குளம் திரும்பி எழ வருடக்கணக்காகும்.

ஆனால் நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அந்தத் தேடல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்ய நல்ல வேலை. மாநில மீன், வனவிலங்குத் துறை குளங்களின் ஆழ வரைபடங்களையும், எந்தக் குளத்தில் என்ன மீன் என்ற பட்டியலையும் பொதுவில் வைத்திருக்கிறது. நிலவரைபடத்தில் சாலையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி, நடைபாதையோ பழைய மரம் வெட்டும் பாதையோ போகிற குளங்களைக் குறித்துக்கொண்டு, மீன் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் உள்ள பிஸ்கா மாநிலப் பூங்காவில் தொடங்கலாம். மாநிலத்திலேயே பெரிய பூங்கா அது, 13,000 ஏக்கருக்கு மேல், உள்ளே பல குளங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாதைகள். இங்கே இருந்த பழங்காலப் பெருமரங்களை 1938-ல் அடித்த பெரும்புயல் சாய்த்துப் போட்டது. விழுந்த அந்த மரங்களில் சில இன்னமும் பாசி படர்ந்து கிடக்கின்றன. மீன் கிடைக்காத நாளிலும் அந்தக் காட்டில் நடந்தது வீணாகாது.

நிலம் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள இயற்கையான குளம் மாநிலத்தின் சொத்து, மக்களுக்குப் பொது. ஆனால் குளம் பொது என்பதால் அதைச் சுற்றியிருக்கும் தனியார் நிலம் பொதுவாகிவிடாது. 'உள்ளே வரக்கூடாது' என்று பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டும். பக்கத்து மாநிலமான மெய்னில் சட்டம் இன்னும் தாராளம்: அங்கே 10 ஏக்கருக்கு மேற்பட்ட குளத்துக்கு, பண்படுத்தாத நிலத்தின் வழியாக நடந்து போகிறவரை யாரும் தடுக்க முடியாது. இதன் வேர் 1640-களில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் போட்ட விதிகள். ஒருவரின் பயிரையும் புல்வெளியையும் மிதிக்காமல் நடந்து போய் மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். முந்நூற்று எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த உரிமை நடந்து போகிறவனுக்கு மட்டும்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

எப்போது கிளம்புவது என்பதில் ஊர்ப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கண்மாய்க்கு விடிகாலையில் போவோம், வெயில் ஏறினால் திரும்பிவிடுவோம். இங்கே வசந்தத்தில் நேர்மாறு. ராத்திரிக் குளிரில் தண்ணீர் இறங்கியிருக்கும், காலை ஆறு மணிக்குப் போய் நடுங்கிக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை. பதினொன்றரை, பன்னிரண்டு வாக்கில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால் குளத்தைச் சேரும்போது வெயில் தன் வேலையைச் செய்திருக்கும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நல்ல நேரம். இன்னொரு அனுகூலமும் இதில் இருக்கிறது. மே மாதம் இங்கே காட்டு வான்கோழி வேட்டைக் காலம், துப்பாக்கியோடு ஆட்கள் புதருக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், அந்த வேட்டை நண்பகலோடு முடிந்துவிடும். எப்படியானாலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் வேண்டாம், ஆண் வான்கோழியின் தலையில் இருக்கும் நிறங்கள் அவை.

பாதை பற்றி ஒரு வார்த்தை. பனி உருகும் இந்தக் காலத்தைச் சேற்றுக் காலம் என்றே சொல்கிறார்கள். மண் சாலைகள் பல மூடியிருக்கும், கேட்டைத் தாண்டி ஒரு மைல் கூடுதலாக நடக்க வேண்டி வரலாம். நடைபாதையின் நடுவில் சேறு இருந்தால் அதற்குள்ளேயே நடந்துவிடுவது நல்லது, ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் பாதை அகலமாகிக் கரை கெட்டுப் போகும். கணுக்கால் வரை தண்ணீர் புகாத ரப்பர் பூட்ஸ் நடப்பதற்கும் கரையில் நிற்பதற்கும் சேர்த்து உதவும்.

சுமை குறைவாக இருந்தால்தான் நடை இன்பம். நாலு துண்டாகக் கழற்றிப் பைக்குள் வைக்கக்கூடிய ஆறரை அடி ஸ்பின்னிங் ராட் ஒன்று, 2500 அளவு ரீல் ஒன்று. நீளமான ராடைக் கையில் பிடித்துக்கொண்டு ஹெம்லாக் காட்டுக்குள் நடந்தால் கிளைக்குக் கிளை மாட்டும். ரீலில் 10 பவுண்டு தாங்குகிற பிரெய்டு என்ற பின்னல் நரம்பு, முனையில் இரண்டு முழம் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு. ஒரு சின்னப் பெட்டியில் இரை. நீளமூக்குக் குறடு, நரம்பு வெட்டி, தண்ணீர்மேல் படும் வெயில் கூச்சத்தை அடக்கும் போலராய்டு கண்ணாடி. அவ்வளவுதான் மீன் சாமான். அதற்கு மேல் இடம் இருந்தால் ஒரு ஸ்வெட்டரும், நெற்றி விளக்கும், புளிசாதமும். மே மாதத்திலும் வெயில் இறங்கியதும் குளிர் சட்டென்று கடிக்கும், ஸ்வெட்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

இரையில் பலவிதம் சேர்க்க ஆசை வரும். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் 50-ஐ ஒட்டி இருக்கும்போது ஜெர்க்பெய்ட், அதாவது இழுத்து நிறுத்தினால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கிற மீன் வடிவப் பொம்மை. இரண்டு சுண்டு சுண்டிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை அசைக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் கஷ்டம், கடி விழுவது அப்போதுதான். தண்ணீர் கொஞ்சம் கலங்கி, காற்றும் அடித்தால் ஸ்பின்னர்பெய்ட், அதாவது இழுக்கும்போது தகடு சுழல்கிற பொம்மை இரை. மற்ற எல்லா நேரத்துக்கும் சென்கோ என்கிற ஐந்து அங்குல ரப்பர் புழு.

சென்கோவை வயிற்றில், சரி நடுவில், முள்ளைக் குறுக்காகக் குத்த வேண்டும். நம் ஊர்க் கண்ணுக்கு அது தப்பாகத் தெரியும், புழுவைத் தலையிலிருந்து கோத்துத்தானே பழக்கம். ஆனால் அப்படி நடுவில் குத்தினால் அது படுத்தவாக்கில், இரண்டு முனையும் லேசாகத் துடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கும். ஈயக்குண்டு ஒன்றும் வேண்டாம், ரப்பரில் கலந்திருக்கும் உப்பின் கனமே போதும். வீசிவிட்டு ரீலைச் சுற்றாமல் நரம்பைப் பாருங்கள். குளிர் தண்ணீரில் பாஸ் வெடுக்கென்று இழுக்காது. வாயைத் திறந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர்மேல் தளர்வாகக் கிடக்கும் நரம்பு ஒரு விரல்கடை துள்ளும், இல்லையென்றால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நகர ஆரம்பிக்கும். அப்போது தளர்வைச் சுற்றிக்கொண்டு ராடை ஒரு தடவை நிதானமாகத் தூக்கினால் கனம் கையில் ஏறும். அந்தக் கனம் ஏறும்போது உடம்பில் ஓடுகிற சிலிர்ப்பு, இத்தனை வருடம் ஆகியும் எனக்குக் குறையவில்லை.

கரையை அணுகும் விதம் இரையைவிட முக்கியம். சின்னக் குளத்தில் மீன் காலடிக்கு மூன்றடியில் நிற்கும். தட்தட்டென்று நடந்து போய் விளிம்பில் நின்றால் நிழல் விழும், அதிர்வு போகும், மீன் ஆழத்துக்குப் பறந்துவிடும். நான் குளத்துக்குப் பத்தடி முன்னாலேயே நின்று, பையை இறக்கி, அங்கிருந்தே முதல் வீச்சு வீசுவேன். வீசுவதும் குளத்தின் நடுவை நோக்கி அல்ல, கரையை ஒட்டி இணையாக. சாய்ந்து தண்ணீருக்குள் கிடக்கும் மரம், பீவர் கட்டிய குச்சிக் குடிசை, ஆழம் சட்டென்று இறங்குகிற விளிம்பு, போன வருடத்து அல்லித் தண்டுகள் நிற்கிற இடம், இவைதான் பார்க்க வேண்டியவை. பீவர் குடிசையின் வாசலை ஒட்டி எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும், அங்கே ஒரு நல்ல மீன் அநேகமாக இருக்கும்.

பிக்கரல் என்ற மீனும் இதே குளங்களில் உண்டு. நீண்ட வாய், ஊசிப் பல். பாஸ் என்று நினைத்து வாயில் கட்டைவிரலை விட்டால் ரத்தம்தான். நரம்பையும் அறுத்துக்கொண்டு போகும். பாஸுக்குக் கீழுதட்டைப் பிடிக்கலாம், பிக்கரலுக்குக் குறடு மட்டுமே.

ஈயம் பற்றிச் சொன்னேன் அல்லவா. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்சுக்கு உட்பட்ட ஈயக்குண்டு, ஜிக் என்கிற ஈயத்தலை முள் எதையும் பயன்படுத்தக் கூடாது, விற்கவும் கூடாது. லூன் பறவைக்காக வந்த சட்டம் இது. லூன் தன் இரைப்பையில் உணவை அரைக்கக் குளத்தடியில் இருக்கும் கூழாங்கல்லைப் பொறுக்கி விழுங்கும், கூடவே ஈயக்குண்டும் போய்விடும். ஒரே ஒரு சின்னக் குண்டு போதும், அந்தப் பறவை செத்துப்போக. நரம்பை அறுத்துக்கொண்டு ஈயத்தோடு போன மீனை விழுங்கினாலும் அதே கதிதான். ஊரிலிருந்து வரும்போது தூண்டில் சாமான் கொண்டு வருகிறவர்கள் ஈயக்குண்டை அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலான டங்ஸ்டன் குண்டு கொஞ்சம் விலை கூட, ஆனால் அளவில் சிறியது, செடியில் மாட்டுவதும் குறைவு.

இனி கூட்டைப் பற்றி. தண்ணீர் 60-ஐத் தாண்டியதும் ஆண் பாஸ் இரண்டு மூன்று அடி ஆழத்தில் வாலால் அடித்து அடித்துச் சேற்றை விலக்கி, வட்டமாக ஒரு பள்ளம் செய்யும். கறுப்புத் தரையில் வெளுப்பாக அந்த வட்டம் தெரியும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் அப்பன் வேலை. முட்டைக்கு விசிறிவிடுவது, பொரிந்த குஞ்சுகள் தானாக மேயும் வரை காவல் நிற்பது, எல்லாம். அந்த நாட்களில் அது அநேகமாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் கூட்டுக்குள் எது வந்தாலும் வாயால் கவ்வி வெளியே எறியும். அதனால் அப்போது அதைப் பிடிப்பதைப் போலச் சுலபம் எதுவும் இல்லை.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவனை மே கடைசியில் ஒரு தடவை கூட்டிப் போனேன். போலராய்டு கண்ணாடியைப் போட்டதும் கையைக் காட்டினான்.

"அண்ணே, அந்தா பாருங்க. பெருசு. நகரவே மாட்டேங்குது. போடவா?"

"வேணாம் தம்பி. குஞ்சு காக்குது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "நம்ம ஊரு விரால் மாதிரியாண்ணே?"

அதேதான். நம் ஊர் விரால் செக்கச் சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் காவலாகச் சுற்றும். அந்தக் கூட்டத்துக்குள் தூண்டிலை இறக்கித் தாயையும் தகப்பனையும் பிடிக்கிறவர்கள் உண்டு. "குஞ்சோட நிக்கிற விரால்ல கை வைக்காதடா" என்று எங்கள் தாத்தா கத்துவார். அவர் எந்தச் சட்டத்தையும் படித்தவர் இல்லை. அன்றைக்கு அந்த மீன் முன்னால் மஞ்சள் பெர்ச் என்ற சின்ன மீன் ஒன்று தலை காட்டியது. பாஸ் பாய்ந்து விரட்டிவிட்டுச் சரியாகப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. நாங்கள் ராடைத் தரையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த மாநிலச் சட்டப்படி மே 15 முதல் ஜூன் 15 வரை பாஸ் பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும், செயற்கை இரை மட்டுமே போடலாம். நியூயார்க்கில் ஜூன் 14 வரை பிடித்து விடுவது மட்டுமே. மாநிலத்துக்கு மாநிலம், சில குளங்களுக்குத் தனியாகவும் விதி மாறும், அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் கட்டாயம். ஆனால் சட்டம் விட்டுவிடச் சொல்வதோடு நான் நிற்பதில்லை, கூட்டின்மேல் வீசுவதே இல்லை. மீனை மேலே தூக்கிப் போட்டோ எடுத்து விடுவதற்குள் ப்ளூகில் என்ற சின்ன மீன்களின் கூட்டம் முட்டையை மேய்ந்துவிடும். களைத்துப் போன ஆண் மீன் கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு. பெரிய ஏரியில் ஆயிரம் கூடு இருக்கும், ஒன்று போனால் ஏரிக்குத் தெரியாது. சின்னக் குளத்தில் இருக்கிற சிலவற்றில் ஒன்று போவது பெரிய விஷயம். கரையோரம் வட்டங்கள் தெரிய ஆரம்பித்தால் என் வசந்தகாலம் முடிந்தது.

விடுகிற மீனையும் பிழைக்கிற மாதிரி விட வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது ஒரு நொடி வேலை. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். கனத்த மீனைத் தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கையாகத் தூக்காதீர்கள், அடிவயிற்றுக்கு இன்னொரு கை கொடுங்கள். இலைச்சருகில் போட்டு அளப்பதெல்லாம் வேண்டாம்.

"பிடிச்ச மீனை விடுறதுக்கா இவ்வளவு தூரம் நடக்குறே?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்பார். சாப்பிடலாம், தடை இல்லாத காலத்தில், அளவோடு. ஆனால் இந்தப் பகுதிக் குளங்களில் பாதரசம் ஒரு நிஜமான பிரச்சினை. நிலக்கரி எரிக்கிற புகையிலிருந்து காற்றில் வந்து விழுந்து, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். பாஸ், பிக்கரல் இரண்டும் பெரிய மீனாக இருந்தால் தவிர்த்து, 12 அங்குலத்துக்கு உட்பட்டதை மட்டும் சாப்பிடச் சொல்கிறது மாநில அறிவுரை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. குழம்புக்கு ஆசையென்றால் ப்ளூகில், பெர்ச் பிடியுங்கள். முள் அதிகம், ருசி நன்றாகவே இருக்கும்.

எக்காரணம் கொண்டும் ஒரு குளத்து மீனை உயிரோடு இன்னொரு குளத்தில் விடாதீர்கள். பாஸ் இந்தக் குளங்களின் பூர்வகுடி இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்குப் பகுதி முழுக்க விட்டார்கள். புரூக் டிரவுட் என்ற இந்த மண்ணின் மீன் அதனால் பல குளங்களில் இல்லாமலே போனது. பாஸை இவ்வளவு நேசிக்கிற நான், டிரவுட் குளங்களில் பாஸ் ஒருபோதும் வந்துவிடக் கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன்.

ஆபத்துகளில் முதலிடம் குளிர் தண்ணீருக்கு. வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளில் சட்டையோடு நிற்போம், ஆனால் தண்ணீர் 50 டிகிரி, நம் கணக்கில் 10 செல்சியஸ். வழுக்கி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுப்பாட்டில் இருக்காது, பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரியும் என்பது இங்கே பெரிய தைரியம் இல்லை. சிலர் முதுகில் சுமந்து போகக்கூடிய காற்று மிதவையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள், நானும் பிடிப்பேன். மிதவை ஏறினால் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது. மாசசூசெட்ஸில் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கனூ, கயாக் என்ற துடுப்புப் படகுகளை ஓட்டுகிறவர்கள் அதை அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தனியாகப் போகும் நாளில் நான் மிதவையைத் தொடுவதில்லை, கரையோடு சரி. எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன், பல இடங்களில் போன் எடுக்காது. வருடத்துக்கு 25 டாலர் கொடுத்து 'ஹைக் சேஃப்' அட்டை வாங்கிக்கொள்ளலாம், காட்டில் மாட்டி மீட்புப்படை வர நேர்ந்தால் அந்தச் செலவு நம் தலையில் விழாது. அஜாக்கிரதையாக இருந்து மாட்டினாலும் இது பொருந்தும், ஆபத்து தெரிந்தும் துணிந்து செய்ததற்கும் வேண்டுமென்றே செய்ததற்கும் பொருந்தாது. பணம் அந்த மீட்புப் பணிக்கே போகிறது.

அடுத்தது உண்ணி. லைம் நோயைக் கொண்டுவரும் கருங்கால் உண்ணியின் குட்டி, கசகசா அளவுதான் இருக்கும், மே, ஜூனில் அதற்குக் கொண்டாட்டம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். துணிக்கும் பூட்ஸுக்கும் முந்தின நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துக் காயவிடுங்கள், தோலில் அடிக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை அதைப் பக்கத்தில் விடாதீர்கள். திரும்பியதும் துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் கூடாது. நோய்க்கிருமி ஏற வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்றன்றே பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு. நாள் கடந்து பார்த்தால் மருத்துவரிடம் தாமதிக்காமல் பேசுங்கள், எடுத்த 72 மணி நேரத்துக்குள் போனால் தேவையென்றால் ஒரே வேளை மருந்தோடு தடுக்க வாய்ப்பிருக்கிறது.

பிளாக் ஃப்ளை என்ற கடிக்கும் ஈ மே நடுவில் கிளம்பும். தலைக்கு வலை, வெளிர்நிறச் சட்டை, வேறு மருந்து இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பூட்ஸ், மிதவை, நரம்பு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் செடித் துணுக்கைப் பிய்த்துப் போட்டு, தண்ணீரை வடித்து, வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும். மில்ஃபாயில் என்ற நீர்க்களை ஒரு விரல் நீளத் துண்டிலிருந்தே புதுக் குளத்தில் வேர்விட்டு, சில வருடத்தில் கரையையே மூடிவிடும். காயாத சாமானோடு அடுத்த குளத்துக்கு நான் கிளம்புவதில்லை. அந்த வாரம் மழை பெய்து காயவில்லையென்றால், போன குளத்துக்கே இன்னொரு தடவை போவேன்.